மலர் வளையத்துக்கு அப்புறம்

ஆசிரியருக்கு,

வணக்கம். 1959 அக்டோபர் 21-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்கள் 10 பேர் இறந்தார்கள். அந்த நாளைத்தான் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கிறோம். குண்டு முழங்கும், மலர் வளையம் வைப்பார்கள். வேண்டியதுதான்.

நான் காவல்துறையில் அமைச்சுப் பணியாளராக, அதாவது அலுவலகக் கோப்பு வேலை பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்ததெல்லாம் ஒரு காவலர் பணியில் இறந்து, மலர் வளையம் வைத்ததற்கு அப்புறம் நடப்பவை: வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியப் படிவம், இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு அரசு வேலை கேட்கும் கருணை வேலை மனு. துக்கம் ஆறும் முன்பே இறந்தவரின் மனைவி தாலுகா ஆபீசுக்கும் எங்கள் ஆபீசுக்கும் நடையாய் நடப்பார். சான்றில் இனிஷியல் ஒன்று மாறியிருந்தால் போதும், கோப்பு திரும்பிவிடும்.

2020-ல் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்டவர் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன். 2021-ல் ஆடு திருடர்களை பைக்கில் தனியே துரத்திப் போய் வெட்டுண்டு இறந்தவர் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன். இரு குடும்பங்களுக்கும் அரசு தலா 1 கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் பந்தோபஸ்து முடிந்து வரும்போது லாரி மோதி இறக்கும் காவலருக்குப் பேப்பரில் இரண்டு வரிதான். அவர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாவட்டத்துக்கு ஓர் ஊழியரை இதற்கென்றே போடுங்கள். அவரே வீடு தேடிப் போய்க் கையெழுத்து வாங்கட்டும். கருணை வேலைக்கு 3 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லட்டும். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிகிறவரை பொறுக்கலாம்.

ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
திருச்சி