மாமாவுக்கு, ஒரு வருடம் கழித்து

மாமா,

நாளை சர்ச்சில் உங்களுக்காக வருடப் பூசை. முடிந்ததும் வீட்டில் கம்போ, உங்கள் ஊர்க் குழம்பு. உங்கள் மூத்த மகள்தான் செய்கிறாள். மாவு கருகாமல் கிளற நான் கூட நிற்கவேண்டும். எல்லோரும் வருவார்கள். அங்கே இதைச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் சொன்னால் யாராவது தோளைத் தட்டி, "அதெல்லாம் ஒன்றுமில்லை, உன் மேல் அவர் உயிரையே வைத்திருந்தார்" என்பார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும். முடியக் கூடாது என்றுதான் உங்களுக்குப் படிக்கத் தெரியாத தமிழில் எழுதுகிறேன்.

எல்லோரும் படிக்க வெளியில் போடும் கடிதம் என்பதால் சிலவற்றை விட்டுவிடுகிறேன். அத்தையின் கடைசி மாதத்தைப் பற்றி எழுதமாட்டேன். குடும்பத்தில் ஒன்றிரண்டு பேர் இதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்ப்பார்கள் என்று தெரியும். அவர்கள் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

உங்களிடம் நான் பேச வேண்டியது அந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றித்தான்.

மழை விட்டிருந்தது. பின்கட்டு ஊஞ்சலில் நீங்கள், மடியில் பாப்பா. இரண்டு வயது முடிந்தும் பேச்சு வராத பிள்ளை. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் குரல் கேட்டது. "வாங்! வாங்!" என்று கத்திச் சிரிக்கிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. இரண்டு வருடமாக "வாங்க செல்லம், வாங்க தங்கம்" என்று அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காத்திருந்தவள் நான். முதல் வார்த்தை தமிழில் வந்துவிட்டது என்று ஓடி வந்தேன்.

பார்த்தால் நீங்கள் அவள் காலில் இருந்த கொசுக்கடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடிப்பிலும் விரல் நுனியை வைத்து, ஆங், டூ, ட்ருவா. ஒவ்வொன்றுக்கும் நடுவே "மரங்குவாங்!" என்று கண்ணை உருட்டுகிறீர்கள். அவள் அதன் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு "வாங்! வாங்!" என்கிறாள். அவள் சொன்னது தமிழ் இல்லை. உங்கள் ஊரான அமெரிக்க லூசியானாவின் பிரெஞ்சில் கொசு.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா அந்த வாரம்தான் சொல்லியிருந்தார், வீட்டில் மொழியைக் குறையுங்கள், குழந்தை குழம்புகிறது என்று. அது தவறான ஆலோசனை, இரண்டு மூன்று மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு தாமதமாவதில்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. பயந்து போயிருந்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்மை. குறைக்கவேண்டும் என்றால் உங்களுடையதைக் குறைக்கலாம், எப்படியும் அது போய்க்கொண்டிருக்கிற மொழிதானே என்று என் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "மாமா, அவளிடம் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் காலில் இருந்த கையை எடுத்து ஊஞ்சல் சங்கிலியில் வைத்துக்கொண்டீர்கள். "சரிம்மா. அந்தப் பழைய பேச்சால் யாருக்கு என்ன பிரயோஜனம்" என்றீர்கள். பாப்பா உங்கள் முகத்தைப் பார்த்து "வாங்?" என்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் அவளிடம் "மஸ்கீட்டோ" என்றீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தீர்கள். ஒரு தடவைகூட அவளிடம் பிரெஞ்சு பேசவில்லை.

ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஒன்றுக்குப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் கால்சட்டையை நனைத்தவர் நீங்கள். "பள்ளி மைதானத்தில் பிரெஞ்சு பேசமாட்டேன்" என்று பக்கம் பக்கமாக எழுதியவர். அந்த டீச்சரும் நம்ம கேஜன் ஆள்தான், லூசியானாவின் பிரெஞ்சு வம்சம்தான் என்பதைத்தான் கடைசிவரை ஆறாமல் சொல்வீர்கள். வீட்டில் அவரும் பிரெஞ்சுதான் பேசியிருப்பார். பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடக்கவேண்டும் என்று லூசியானா 1921-லேயே தன் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருந்தது, மாமா. நீங்கள் பிறக்க இருபது வருடத்துக்கு முன்னால். நீங்கள் போன பிறகு படித்தேன். உங்களுக்கு அது தெரியுமா? நீங்கள் பேசிய விதத்தைப் பார்த்தால், ஏதோ நீங்கள் மக்காக இருந்ததால் வாங்கிய தண்டனை என்றே நினைத்திருந்தீர்கள் போலிருக்கிறது. அதே பையனிடம், எண்பது வயதில், நானும் அதையே சொல்லியிருக்கிறேன். நான் குரலைக்கூட உயர்த்தவில்லை.

மன்னியுங்கள் என்று எழுத வருகிறேன், உடனே கோபமும் வருகிறது. ஏன் மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை? பேசினால் கேட்டிருப்பேனே. என்னிடம் மட்டுமா? உங்கள் மகன் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது சிரித்துவிட்டுப் போனவர் நீங்கள். கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்குவது, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் நீங்களும் அத்தையும் பிரெஞ்சில். பிள்ளைகளுக்குப் புரியக்கூடாது என்பதற்கென்றே ஒரு மொழியை வைத்திருந்தீர்கள். திட்டுகிற வார்த்தை பத்து, சாப்பாட்டுப் பெயர் இருபது, அவ்வளவுதான் உங்கள் மகனுக்கு வந்தது. அதற்கு நான் என்ன செய்யமுடியும்?

மூத்தவள் விஷயம் தெரியும். 1968-ல் கோடோஃபில் என்று பிரெஞ்சை வளர்க்க அரசே அமைப்பு வைத்து, பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் ஆசிரியர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் படித்துவிட்டு வந்தவள், நீங்கள் காரை "ஷார்" என்றதும் "இல்லப்பா, வுவாத்யூர்" என்று திருத்தினாள். முதல் பள்ளிக்கூடம் பிரெஞ்சு பேசினால் தப்பு என்றது, இரண்டாவது நீங்கள் பேசுவது பிரெஞ்சே இல்லை என்றது. ஒரு மனிதன் எத்தனை தடவைதான் வாயைத் திறப்பான். அதுவும் புரிகிறது.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி உங்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. சென்னையில் கால் சென்டரில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு நாக்கைத் திருத்தும் பயிற்சி கொடுத்தார்கள். மெல்லிய காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்து "பேப்பர்" என்று சொல்லவேண்டும். "ப" சொல்லும்போது காற்று பட்டுக் காகிதம் ஆடினால் பாஸ். என் காகிதம் நான்கு நாள் ஆடவில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த நாக்கு, அதற்கு அந்தக் காற்று தெரியாது. ஐந்தாம் நாள் ஆடியது. அன்றோடு என் அப்பா பேசும் ஆங்கிலம் என்னைவிட்டுப் போனது. பல வருடம் கழித்து இங்கே லாஃபயெட்டில் உங்களை முதல்முதலாகப் பார்த்தபோது நீங்கள் செய்தித்தாளைக் கேட்டீர்கள். "பேப்பர்." காற்றே இல்லை. அப்படியே எங்கள் அப்பா. 'தட்' உங்கள் வாயில் 'டட்', 'திங்' என்பது 'டிங்'. அதனால்தான் அன்றே "மாமா" என்று கூப்பிட்டேன், உங்கள் காதில் அது அம்மா என்று விழும் என்று தெரிந்தும்.

எண்ணெய்க் கிணற்று மேடையில் டெக்சாஸ்காரர்கள் அந்தப் பேச்சைக் கேலி செய்ததால் உங்கள் மகன் பழகிப் பழகி அதை விட்டான். இப்போது பாருங்கள், பேரப்பையன்கள் 'டட்', 'டிங்' என்று வேண்டுமென்றே பேசித் திரிகிறார்கள். சில்வி டூபுவா, பார்பரா ஹொர்வாத் என்ற இரண்டு மொழியியலாளர்கள் இதைத்தான் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தாத்தாக்களின் உச்சரிப்பை அப்பாக்கள் உதறினார்கள், பேரன்கள், அதிலும் ஆண்பிள்ளைகள், திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் ஒரு முழு வாக்கியம் தெரியாத வாயில் உங்கள் உச்சரிப்பு. அதைக் கேட்கும்போது சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் கேட்காமல் இருக்கமுடிவதில்லை.

உங்கள் ட்ரக்கை இன்னும் விற்கவில்லை. ரேடியோ உங்கள் பிரெஞ்சுப் பாட்டு வரும் 88.7-ல்தான் நிற்கிறது. நான் ஓட்டும்போதும் மாற்றுவதில்லை.

பாப்பாவுக்காக உங்கள் மொழியை வெளியே நிறுத்தினேன் அல்லவா, அந்த இடத்துக்குத் தமிழ் வந்ததா என்றால் வரவில்லை. நான் தமிழில் கேட்கிறேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். "அம்மா", "போதும்", "தோசை". இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, படிப்பவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் இருப்பார்கள்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆகஸ்டில் அவளைப் பிரெஞ்சு வழி வகுப்பில் சேர்த்துவிட்டோம். நாளின் பெரும்பகுதி பிரெஞ்சில்தான். உங்கள் மகன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிட்டு வெகுநேரம் காரில் உட்கார்ந்திருந்தான். கடற்கரைப் பக்கம் புவாந்த் ஓ ஷியனில், நிலம் வருடா வருடம் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும் இடத்தில், 2023-ல் பிரெஞ்சுப் பள்ளி திறந்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோதே நான் முடிவு செய்திருக்கவேண்டும். அப்போது நீங்கள் இருந்தீர்கள்.

போன வாரம் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா கையில் அடித்துக்கொண்டு "முஸ்டீக்" என்றாள். பள்ளியில் கற்றுக்கொடுத்தது. "தாத்தா அதை மரங்குவாங் என்பார்" என்றேன். "வாங்" என்ற இடத்தில் அவள் முகத்தையே பார்த்தேன். நினைவு வந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் என் காலில் இருந்த தடிப்பில் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள்.

மறுநாள் அவளே டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பெல்ஜியத்திலிருந்து வந்த சின்னப் பெண். வகுப்புச் சுவரில் கொசுப் படத்துக்குக் கீழே "முஸ்டீக்" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே எழுத இடம் விட்டுவைத்து, மாலையில் நான் கூப்பிடப் போனபோது, "அவர் எப்படிச் சொல்வார்? ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு முறை கேட்டார். மெதுவாகச் சொன்னேன். மரங்குவாங். அவர் எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது சரியா, மாமா?