அம்பேலுக்கும் ஒரு முறை உண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அணித் தலைவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் ஆன்லைன் விளையாட்டுச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். போட்டி முடிவுகள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. ஒழுங்குக் குழுவுக்கு இந்த ஆண்டு வந்த தகராறுகள் பெரும்பாலும் தோற்கும் விதம், ஜெயிக்கும் விதம் பற்றியவை என்பதால், அறிக்கையும் அதைப் பற்றியே பேசுகிறது.

தெருவில் ஓடிப் பிடித்து ஆடும் பிள்ளை 'அம்பேல்' என்று கத்தினால் துரத்துகிறவன் நின்றுவிடுவான். அந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும், எல்லார் காதிலும் விழும். முக்கியமாக, அம்பேல் சொன்னவன் மறுநொடியே திரும்பி யாரையும் அவுட் ஆக்க முடியாது. ஆன்லைன் சண்டை ஆட்டங்களில் சிலவற்றில் இந்தச் சொல்லுக்கு இடமுண்டு, பலவற்றில் கிடையாது. இடமில்லாத ஆட்டத்தில் ஒருவர் தாமாக அம்பேல் சொல்லிக்கொண்டு, எதிராளி ஏன் சுட்டார் என்று கேட்பதை இனிப் புகாராக ஏற்பதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது.

முதலில், இடமுள்ள ஆட்டங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 15ஆவது நிமிடத்தில் சரண் ஓட்டு திறக்கும்; அப்போது ஐந்து பேரும் ஒப்ப வேண்டும். 20 நிமிடத்துக்குப் பின் நான்கு பேர் போதும். வேலரண்டில் ஐந்தாம் சுற்றிலிருந்து ஓட்டுக் கேட்கலாம், ஒரு பாதிக்கு ஒரு தடவை. ஓட்டுத் தோற்றால்தான் வம்பு ஆரம்பம். மூன்று பேர் மனம் விட்டுவிட்டார்கள் என்பது அணிக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று அழுத்தியவர் மீதிப் பேரைப் பிணைக்கைதியாக வைத்திருப்பதாகப் பேச்சு எழும். அதற்குப் பின் ஒருவர் ஸ்பானிலேயே (ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே) நிற்பார், இன்னொருவர் வேண்டுமென்றே போய்ச் சாவார். தோல்வியை அவமானமாக்குவது எதிரணி இல்லை, இந்த அழுகுணி ஆட்டம்தான்.

வேலரண்ட் ஆடுவோர் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றில் தோற்றால் 1,900 கிரெடிட், தொடர்ந்து இரண்டாவது தோல்விக்கு 2,400, மூன்றாவதிலிருந்து 2,900. வேண்டல் துப்பாக்கியின் விலையும் 2,900தான். கனமான கவசம் 1,000. பிஸ்டல் சுற்றான முதல் சுற்றையும் அடுத்ததையும் விட்டுவிட்டு, நடுவில் செலவு செய்யாமல் சேர்த்த அணிக்கு, மூன்றாம் சுற்றிலேயே துப்பாக்கியும் கவசமும் ஒன்றாக வாங்கக் கையில் பணம் இருக்கும்; அதையும் செலவு செய்து தோற்று, நான்காவதில் சேர்த்தால், சரண் ஓட்டு திறக்கிற ஐந்தாம் சுற்றில் மறுபடியும் இருக்கும். தோற்பவனுக்கு ஆட்டமே காட்டும் கருணை அது. 0–4 என்ற எண்ணை மட்டும் பார்த்து, அந்தப் பணத்தைச் செலவு செய்யாமலே சரணடைவது வீண். ஆகவே நம் உள்போட்டிகளில் சரணை அணித் தலைவர் மட்டுமே கேட்பார், அதுவும் முழுக் கவசத்தோடு ஒரு சுற்றாவது ஆடிய பிறகு. ஓட்டுத் தோற்றால் அந்தப் பாதியில் அந்தப் பேச்சே கூடாது.

அடுத்தது 'ஜிஜி', அதாவது 'குட் கேம்' (நல்ல ஆட்டம்). ஸ்டார்கிராஃப்டில் இது வெறும் மரியாதைச் சொல் இல்லை. ஜிஜி என்று தட்டிவிட்டு வெளியேறுவதே சரண். அதனால்தான் தோற்பவர் முதலில் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வந்தது. ஜெயிப்பவர் முந்திக்கொண்டால், ஆடிக்கொண்டிருப்பவரைப் பார்த்து 'நீ செத்தாச்சு' என்று சொன்ன மாதிரி. நம் உறுப்பினர்கள் சிலர் முதல் நிமிடத்திலேயே கிண்டலாக ஜிஜி போடுகிறார்கள். இனி அது ஓர் எச்சரிக்கைக்குரிய தவறு. அவசரப்பட்டுச் சரணடைவதற்கும் ஒரு நல்ல பாடம் உண்டு. இட்ரா என்ற பெயரில் ஆடிய புகழ்பெற்ற வீரர், ஹக் என்பவருக்கு எதிரான ஆட்டத்தில் வந்த வாய்ட் ரே விமானங்களைப் பார்த்து ஜிஜி போட்டு எழுந்துவிட்டார். வந்தவற்றில் பல வெறும் மாயத் தோற்றங்கள். மாயப் படை அடி கொடுக்காது, அடியை வாங்கினால் சீக்கிரம் மறைந்துவிடும். பத்து நொடி நின்று சுட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

சண்டை விளையாட்டுகளில், அதாவது டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் வகையில், ஒருவர் ரௌட்டரைப் பிடுங்கினால் அது சரணா, மின்வெட்டா என்று நடுவரால் சொல்ல முடியாது. எனவே செட் நடுவில் இணைப்பு அறுந்தால் காரணம் கேட்பதில்லை. அந்த ஆட்டம் மட்டும் எதிராளிக்குப் போகும், செட் தொடரும். வைஃபையை விட்டுக் கேபிள் போட்டாலே பாதிச் சண்டை குறையும். மோர்ட்டல் காம்பாட் எக்ஸ் (2015) இதற்கு ஒரு முரட்டு வழி கண்டது: எதிராளி நடுவில் வெளியேறினால் அவருடைய பாத்திரத்தின் தலை அங்கேயே வெடித்து, வெற்றி மற்றவருக்குப் போய்விடும்.

அதே வரிசையின் மூன்றாம் ஆட்டத்தில் (1995) கருணைக்கென்றே ஒரு கட்டளை வைத்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் எதிராளி தள்ளாடி நிற்கும்போது, ரன் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கீழ்ப்பக்கம் மூன்று தடவை தட்டி, ரன்னை விட வேண்டும். அவருக்குக் கொஞ்சம் உயிர் திரும்பி வரும், சண்டை தொடரும். அந்தத் துளி உயிரை வைத்தே அவர் ஜெயித்துவிடவும் முடியும். பட்டனை அழுத்தியவர் தாங்க வேண்டிய அபாயம் அது. ஆனால் மிருகமாக மாறிக் கொல்லும் முடிப்பைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் இந்தக் கருணையைக் காட்டியாக வேண்டும். கருணையே இன்னும் கோரமாகக் கொல்வதற்கு நுழைவுச்சீட்டு! வடிவமைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

இனி பிஜிஎம்ஐ, அதாவது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. நம் உறுப்பினர்கள் அதிகம் ஆடுவது, அதிகம் மனஸ்தாபப்படுவது இரண்டும் இதில்தான். நாக் ஆகி (உயிர் தீர்ந்து, ஆனால் இன்னும் சாகாமல்) விழுந்தவரைச் சுட்டு முடிப்பது இரக்கமற்ற செயல் என்று சொல்பவர்களுக்குக் குழுவின் பதில்: இல்லை. விழுந்தவர் மைக்கில் இடம் சொல்லிக்கொண்டே இருப்பார், கூட்டாளி வந்து பத்து நொடி உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். ஃபார் ஹானர் என்ற ஆட்டத்திலும் இதே நியாயம்தான். எக்ஸிக்யூஷன் என்ற முடிப்பில் செத்தவரைக் கூட்டாளிகள் எழுப்ப முடியாது, செய்தவருக்கு உயிரும் கொஞ்சம் ஏறும். ஆக, அது ஆட்டத்தின் பகுதி, அவமதிப்பு இல்லை. அவமதிப்பு என்பது விழுந்தவர் மேல் நின்று உட்கார்ந்து எழுவது, எமோட் (பாத்திரம் ஆடிக் காட்டும் சைகை) போடுவது, ஆல் மைக்கில் 'தோத்தாங்குளி' பாடுவது. இவற்றுக்கு முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை அடுத்த ரூமில் ஸ்லாட் கிடையாது.

புறமுதுகு காட்டி ஓடுகிறவன் மேல் வேல் எறியாத வீரத்தைத் தழிஞ்சி என்று நம் புறத்திணை இலக்கணம் பாராட்டும். ஓடுகிறவனிடம் ஃபர்ஸ்ட் எய்ட் கிட் இல்லாத காலம் அது. சுவருக்குப் பின்னால் ஆறு நொடி கிடைத்தால் இங்கே 75 சதவீத உயிரோடு திரும்பி வருவான்.

போட்டியில் கருணை காட்டினால் அடிபடுவது மூன்றாவது ஆள். இப்போது வழக்கத்தில் உள்ள புள்ளிமுறையில் முதலிடத்துக்கு 10, பிறகு 6, 5, 4, 3, 2, 1, 1; ஒவ்வொரு ஃபினிஷுக்கும் (எதிராளியை முடிப்பதற்கும்) 1. மூன்று அணிகள் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் அணி, புதரில் கிடக்கும் இரண்டாவது அணியின் கடைசி ஆளைப் பாவம் பார்த்து விட்டுவிட்டு மூன்றாவது அணியை முடிக்கிறது. 5 வாங்க வேண்டியவருக்கு 6 கிடைக்கிறது, 6 வாங்க வேண்டியவருக்கு 5. இருவருக்கும் இடையே இரண்டு புள்ளி புரண்டுவிட்டது; பாவம் பார்த்தவருக்கோ நஷ்டமே இல்லை. அதைக் கருணை என்பதா, டீமிங் (எதிரணியோடு கூட்டுச் சேர்வது) என்பதா? உள்நோக்கத்தை நடுவர் பார்க்க முடியாது, செயலைத்தான் பார்க்க முடியும். எதிரணி ஆளோடு பேசினால், மருந்தோ தோட்டாவோ போட்டால், பார்வையில் இருப்பவரைச் சுடாமல் அருகிலேயே நின்றால் அது டீமிங் என்று எடுத்துக்கொள்ளப்படும். பாவம் பார்க்க ஆசைப்படுபவர்கள் போட்டியில்லாத கிளாசிக் ஆட்டத்தில் தாராளமாகப் பார்க்கலாம், அங்கே யார் கேட்கப் போகிறார்கள்.

வேறு சில ஆட்டங்களிலும் அம்பேலைப் பார்க்கலாம். டேஇசட் என்ற ஆட்டத்தில் கை தூக்கினால் கையில் இருப்பது தரையில் விழும். நல்ல அம்பேல் அது, சொன்னவன் உடனே சுட முடியாது. ஈவ் ஆன்லைனில் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது வெறும் வாய்ச்சொல். வாங்கிய பிறகும் சுட்டால் நிர்வாகம் தலையிடாது. மோர்டாவின் டூயல் சர்வர்களில் வாளைச் சுழற்றிக் காட்டுவது அழைப்பு. எதிராளியும் சுழற்றிய பிறகே வெட்ட வேண்டும். அரட்டை தட்டிக்கொண்டிருப்பவரை வெட்டுவது எங்கேயும் அசிங்கம்.

புகார் தருவோர் கவனிக்க: திரைப்பதிவு இல்லாமல் புகார் எடுபடாது. சம்பவத்துக்கு முன் அரை நிமிடமாவது பதிவில் இருக்க வேண்டும், கடைசி மூன்று நொடியை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம். ஃபோனில் இடம் போதாது என்றால் 720பியில் எடுங்கள். நமக்கு வேண்டியது அழகு இல்லை, ரூம் எண்ணும் ஆட்டக்காரர் பெயரும் தெரிந்தால் போதும்.

உள்போட்டி ரூம் திறக்கும் ஒவ்வொருவரும் ஆட்டம் தொடங்குமுன் லாபியில் மூன்று வரி ஒட்ட வேண்டும்: சரண் யார் கேட்பது, இணைப்பு அறுந்தால் என்ன, எமோட் உண்டா இல்லையா. வாசகம் அலுவலக மேசையில் இருக்கிறது. திருத்தம் வேண்டுவோர் இன்று கூட்டம் கலைவதற்குள் எழுதித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்