கேப்சூலுக்கு முன்னால் நார்ச்சத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் நலம் பற்றிய கட்டுரைகளும் விளம்பரங்களும் இப்போது நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலானவை ‘நல்ல பாக்டீரியா’ என்று தொடங்கி ஒரு கேப்சூலிலோ பவுடரிலோ போய் முடிகின்றன. எதை எவ்வளவு சாப்பிடுவது, எந்த வேகத்தில் கூட்டுவது, யார் தவிர்க்க வேண்டும் என்ற விவரங்கள் அவற்றில் இருப்பதில்லை. உணவியல் ஆலோசகர்களான எங்களுக்கு இது உண்மையிலேயே கவலை தருகிறது. ஆகவே விடுபட்ட விவரங்களை உங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிக்கொள்கிறது. நம் நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்துதான் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு அதுதான் முக்கிய உணவு. அதை அவை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முதன்மையான எரிபொருளே இந்தப் பியூட்டிரேட்தான். நார்ச்சத்தே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டு பாக்டீரியாவை மட்டும் கேப்சூலில் அனுப்பினால், போகிற இடத்தில் அவற்றுக்கு இரை இருக்காது. கேப்சூலைப் பற்றி யோசிக்கும் முன் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 10 வயது முதல் எல்லோருக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு 21 கிராம், 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு 15 கிராம். இது உணவிலேயே இயற்கையாக உள்ள நார்ச்சத்தைக் குறிக்கிறது. எட்ட முடியாத அளவு என்று தோன்றலாம். கூட்டிப் பார்த்தால் அப்படியில்லை. 40 கிராம் ஓட்ஸில் சுமார் 4 கிராம், தோலோடு சாப்பிடும் நடுத்தர ஆப்பிளில் 4 கிராம், வாழைப்பழம் ஒன்றில் 3 கிராம், வேகவைத்த முழுப்பயறு 150 கிராமில் ஏறக்குறைய 12 கிராம், காய்கறி 200 கிராமில் 4 முதல் 6 கிராம். இதற்குள்ளாகவே 25ஐத் தாண்டிவிட்டோம். இந்தப் பட்டியலில் அதிகம் கொடுப்பது பயறுதான், பழமல்ல. பழச்சாறோ ஏறக்குறைய ஒன்றுமே கொடுப்பதில்லை. நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது.

பலர் தோற்பது வேகத்தில்தான். இதுவரை 10 கிராம் சாப்பிட்டுவந்தவர் திடீரென்று 30 கிராமுக்குத் தாவினால், இரண்டே நாளில் வயிறு உப்பி, வாயு சேர்ந்து, இழுத்துப் பிடிக்கத் தொடங்கும். நார்ச்சத்து தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி விட்டுவிடுவார். உண்மையில் நொதித்தலின்போது ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் வெளிவருவது இயல்பு. உணவு மாற்றத்துக்குக் குடல் பழகச் சில வாரங்கள் ஆகும். எனவே வாரத்துக்கு 3 முதல் 5 கிராம் மட்டும் கூட்டுங்கள். நடைமுறையில் சொன்னால், முதல் வாரம் ஒரு பழம், அடுத்த வாரம் இரண்டு மேசைக்கரண்டி வெந்த பயறு, அதற்கடுத்த வாரம் ஒரு கை காய்கறி. உப்புசம் வந்தால் முழுவதையும் நிறுத்த வேண்டாம். முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்பி, சில நாள் அங்கேயே இருங்கள்.

கூடவே தண்ணீரும் வேண்டும். நார்ச்சத்து நீரைப் பிடித்துவைத்துத்தான் மலத்தை இளக்குகிறது. தண்ணீர் போதாமல் அதை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் மோசமாகலாம். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காகத் தண்ணீர் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

பயறு வகைகளில் வாயுவை உண்டாக்குபவை ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகள். இவை தண்ணீரில் கரைபவை. 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைத்தால் கணிசமாகக் குறையும். டப்பாவில் வருவதை வடிகட்டி அலசினாலும் அப்படியே. ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அரைவேக்காட்டில் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கடும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். ஊறவைத்த பிறகு குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். குறைந்த சூட்டில் மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரங்கள் இதற்குப் போதா.

உணவால் இந்த அளவை எட்ட முடியாதவர்களுக்கு இசப்கோல் என்ற விதை உமி நல்ல துணை. அது ஜெல்லாகித் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, அதிகம் நொதிப்பதில்லை. ஆகவே வாயுத் தொல்லை குறைவு. 3 முதல் 4 கிராமை ஒரு முழு தம்ளர், அதாவது சுமார் 250 மில்லிலிட்டர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன்பே குடித்துவிட வேண்டும். உலர்ந்த பொடியாக வாயில் போட்டுக்கொள்வது ஆபத்து. தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், குடல் அடைப்பு வந்தவர்களும் இதைத் தொடக் கூடாது. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். பலன் தெரிய 12 மணி முதல் 3 நாள் வரை ஆகும். ‘இன்றே போகவில்லையே’ என்று அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். இனுலின் என்ற நார்ச்சத்துப் பவுடர் வேறு வகை. அது வேகமாக நொதிக்கும். 2 கிராமில் தொடங்காமல் நேராக 10 கிராமுக்குப் போகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். வயிற்றுவலியோடு மலப் போக்கு மாறும் எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்கு இனுலினும் கோதுமைத் தவிடும் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை, இசப்கோல் ஒத்துவருகிறது.

நொதித்த உணவுகளுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் நொதித்த உணவுகளைக் கூட்டிச் சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியா வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. பங்கேற்றவர்கள் 36 பேர்தான், ஆகவே இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் தயிர் போன்ற மலிவான உணவுக்கு இது நல்ல சான்று. பாக்டீரியா உயிரோடு வேண்டுமென்றால் தயிரைக் கொதிக்கவைக்கக் கூடாது. நொதித்த பின் சூடாக்கிப் பதப்படுத்திய பொட்டலங்களில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. வினிகரில் ஊறிய காய் நொதித்த உணவே அல்ல. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். அதிலுள்ள பாக்டீரியாவே லாக்டோஸைச் செரிக்க உதவுகிறது.

உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் கேப்சூல்களை நாங்கள் முற்றிலும் ஒதுக்கவில்லை. ஆனால் ‘புரோபயாட்டிக்’ என்பது ஒரே மருந்தின் பெயரல்ல. பேரினம், இனம், அதற்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக வந்து இனத்தின் உட்பிரிவைக் காட்டும் திரிபுப் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது இன்னது என்று சொல்ல முடியும். ஒரு திரிபுக்குக் கிடைத்த சான்று அதே இனத்தின் இன்னொரு திரிபுக்குப் பொருந்தாது. திரிபின் பெயரே அச்சிடாத டப்பாவை வாங்காதீர்கள். எத்தனை கோடி பாக்டீரியா என்ற எண்ணிக்கை தயாரித்த நாளுக்கு உரியதா, காலாவதி நாள் வரைக்கும் உத்தரவாதம் உள்ளதா என்றும் பாருங்கள். பின்னதே பொருள் உள்ளது. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020இல் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்து, எரிச்சல் குடல் நோய் உள்ளிட்ட பெரும்பாலான செரிமானக் கோளாறுகளுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆண்டிபயாட்டிக் எடுக்கும்போது வரும், கடும் பேதியைத் தரும் சி. டிஃபிசைல் என்ற பாக்டீரியாத் தொற்றைத் தடுப்பது போன்ற சில இடங்களில் மட்டும், குறிப்பிட்ட திரிபுகளுக்கு நிபந்தனையோடு இடம் கொடுத்தது.

ஆண்டிபயாட்டிக் முடித்ததும் எல்லோரும் புரோபயாட்டிக் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அப்படிச் சாப்பிட்டவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது. சாப்பிடுவதென்றால் குறிப்பிட்ட ஒரு காரணத்துக்காகச் சாப்பிடுங்கள், 4 வாரம் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாயில் பொருத்திய குழாய் வழியாக மருந்து ஏறுபவர்கள் மருத்துவர் சொல்லாமல் எடுக்கவே கூடாது. உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் அவர்களுக்கு உயிராபத்து. குறைமாதக் குழந்தைகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பழக்கங்களில் பலனுள்ளது, செலவே இல்லாதது ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும், அதிலும் முதல் உணவுக்குப் பிறகு, பெருங்குடல் தானாகவே வலுவாக அசைகிறது. அந்த நேரத்தில் வரும் உந்துதலை அவசரத்தில் அடக்கி அடக்கி வைத்தால், மலத்திலுள்ள நீர் மேலும் உறிஞ்சப்பட்டு இறுகிவிடும். நாளடைவில் உந்துதலே மங்கிப்போகும். சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் கழிப்பறைக்குப் போக நேரம் ஒதுக்குங்கள். மேற்கத்தியக் கழிப்பறையானால் பாதத்துக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள்; மலக்குடலின் வளைவு நேராகும். 10 நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், கைபேசியை வெளியிலேயே வைத்துவிடுங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து முக்குவது மூலநோய்க்கு வழி. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எதுவும் இயல்பே; தினமும் போகவில்லை என்பதற்காக மலமிளக்கி தேவையில்லை.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அலுமினியம் கலந்த அமில நிவாரணி, கோடீன் போன்ற வலி மருந்துகள் மலச்சிக்கலைத் தரும். சர்க்கரையில்லாத மிட்டாய்களிலுள்ள சார்பிட்டால், சைலிட்டால் என்ற இனிப்பூட்டிகள் வாயுவையும் பேதியையும் தரும். குடலைக் குறைசொல்லும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

கோதுமையிலுள்ள க்ளூட்டன் என்ற புரதம்தான் காரணம் என்று சந்தேகித்துக் கோதுமையை நிறுத்த நினைப்பவர்கள், நிறுத்துவதற்கு முன்பே, க்ளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 45 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப் பழக்கம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நார்ச்சத்தையும் கேப்சூலையும் பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். குடல் நலம் பற்றி எந்தக் கட்டுரையை வெளியிட்டாலும் இந்த அறிகுறிகளை அதனருகே தனிக் கட்டமாக அச்சிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் சிலர்