துண்டு போட்டு வைத்த இடம்

ருவான் தம்பி,

நீங்கள் தமிழ் படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். முதலில் ஆங்கிலத்தில்தான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் வார்டில் ஷிஃப்ட் மாற்றும்போது எழுதும் குறிப்பு மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். அழுகை, திட்டு, நன்றி மூன்றும் எனக்குத் தமிழில்தான் வரும். அதோடு ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்த மடலில் உங்களுக்குச் சேர வேண்டியது பாதிதான். மீதிப் பாதி, நீங்கள் ரக்பி ஆடிய மைதானத்தில் எனக்குக் கிடைத்த ஒரு பெரியவருக்கு. அவருக்கும் தமிழ் தெரியாது. ஒரே ஒரு வார்த்தை தெரியும், அதற்கு வருகிறேன்.

உங்கள் ஒப்பந்தத்தை இனி நீட்டிக்க முடியாது என்று அயர்லாந்து ரக்பி சங்கம் சொல்லிவிட்டது. என்ன நடந்தது, எந்த விதி, யார் முடிவு என்பதையெல்லாம் போன வருஷத்திலிருந்து பேசிப் பேசி, வட அயர்லாந்தில் நாங்கள் இருக்கிற பெல்ஃபாஸ்ட்டில் எல்லாருக்கும் தொண்டை வறண்டுவிட்டது. நான் அதை மறுபடி கிளறவில்லை. போகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, போங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ரக்பி பக்கமே போகாத நம் ஆட்கள் இதைப் படித்தால், அவர்களுக்காக இரண்டு வரி. ரக்பியில் ஒன்பதாம் எண் சட்டை போட்டவருடைய வேலை, ஆள் மேல் ஆள் விழுந்து கிடக்கிற குவியலிலிருந்து பந்தை எடுத்து வெளியே கொடுப்பது. பெரும்பாலும் அணியிலேயே உருவத்தில் சின்னவர் அவர்தான். எப்போது வேகம், எப்போது நிதானம், எப்போது பந்தைத் தூக்கி உதைத்துவிட்டு எதிரியைத் துரத்தலாம் என்று முடிவெடுப்பதும் அவர்தான். ருவான் பீனார் அந்த ஒன்பது. தேவைப்பட்டால் பத்தாம் எண்ணிலும் ஆடுவார், கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பதும் பல ஆட்டங்களில் அவர்தான். 2007-இல் உலகக்கோப்பை வென்ற தென்னாப்பிரிக்க அணியில் இருந்தவர், நாட்டுக்காக 88 ஆட்டம் ஆடியவர், அவருடைய அப்பாவும் அதே சட்டையைப் போட்டவர். இப்படிப்பட்ட ஆள் 2010-இல் மழைக்குப் பேர்போன எங்கள் பெல்ஃபாஸ்ட்டுக்கு வந்து, எங்கள் அல்ஸ்டர் அணிக்காக ஏழு வருஷம், 140 ஆட்டத்துக்கு மேல் ஆடிவிட்டு, இந்த 2017-இல் பிரான்ஸில் மொன்பெலியே அணிக்குக் கிளம்புகிறார்.

இந்த ஏழு வருஷத்தில் அல்ஸ்டருக்கு ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. 2012-இல் லண்டன் ட்விக்கனமில் ஐரோப்பிய இறுதியாட்டம், 42-14 என்று தோற்றோம். 2013-இல் டப்ளினில் லீக் இறுதியாட்டம், 24-18. இரண்டு தடவையும் டப்ளின் அணியான லென்ஸ்டரிடம்தான். வயிற்றெரிச்சலை விடுங்கள். கோப்பையே இல்லாமல் போகிற ஆளுக்காக ஒரு ஊர் எழுந்து நின்று மூக்கை உறிஞ்சுகிறது என்றால் அந்த ஆள் எப்படி இருந்திருக்க வேண்டும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பெரியவர்.

2012 தொடக்கம். நான் இந்த ஊருக்கு வந்து ஏழெட்டு மாசம் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் அப்போது துபாயில், நானும் ஆறு வயசுப் பையனும் மட்டும் இங்கே. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற அந்த மாசங்களில், லீவு நாள் வந்தால் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம், என்ன செய்து பொழுதைத் தள்ளுவது என்று. கூட வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு டிக்கெட்டை என் கையில் திணித்தார். ரக்பியா, கால்பந்தா என்றுகூட எனக்குத் தெரியாது. அல்ஸ்டர் அணியின் மைதானமான ரேவன்ஹில் வாசலில் போரில் இறந்த வீரர்களுக்குக் கட்டிய நினைவு வளைவைத் தாண்டி, கூட்டம் போன வழியே போய், நின்றுகொண்டே பார்க்கிற படிக்கட்டுப் பக்கத்தில் போய் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகு தவிர ஒன்றும் தெரியவில்லை. பையனுக்கு அதுவும் இல்லை, இடுப்புதான்.

முன் கம்பியில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அடி நகர்ந்து, கம்பியை இரண்டு தடவை தட்டினார். பையன் புகுந்துவிட்டான். அவன் பின்னாலேயே நானும்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தைப் பார்த்துப் பந்தை உதைக்க ஒருவர் தயாரானால், அவர் எந்த அணியாக இருந்தாலும், மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொள்ளும். நம் பரீட்சை ஹாலில்கூட அவ்வளவு அமைதி கிடையாது. நீங்கள் பந்தை நிறுத்தினீர்கள். பின்னால் நடந்தீர்கள். கம்பத்தை ஒரு பார்வை, பந்தை ஒரு பார்வை. மழைத்தூறல் விழுகிற சத்தம் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து என் மகன், கொஞ்சம்கூட கூச்சமில்லாத குரலில், "அம்மா, உச்சா வருது!"

ஆயிரக்கணக்கான பேர். ஒருத்தருக்கும் அர்த்தம் புரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. எனக்கு அந்தப் படிக்கட்டு அப்படியே பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. நாலைந்து பேர் திரும்பி முறைத்தார்கள். பெரியவர் முறைக்கவில்லை. பையன் பக்கம் குனிந்து உதட்டில் விரலை வைத்து, அதே விரலால் உங்களைக் காட்டினார். பந்து கம்பத்துக்கு நடுவே போனது, கூட்டம் கத்தியது. அப்புறம்தான் என்னிடம் கேட்டார், என்ன சொன்னான் என்று. சொன்னேன். மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அத்தோடு விட்டிருந்தால் நல்ல மனிதர் என்று நினைத்து மறந்திருப்பேன். அவர் கூட்டத்தை விலக்கி எங்களைக் கழிவறைப் பக்கம் அனுப்பினார். நான் போகும்போதே நினைத்துக்கொண்டேன், அந்த இடம் போச்சு, திரும்பி வந்தால் மறுபடி முதுகுதான், பேசாமல் அப்படியே பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று. பையன் விடவில்லை. வந்து பார்த்தால், அவ்வளவு நெரிசலிலும் கம்பியில் எங்கள் இடம் அப்படியே இருக்கிறது. தன் கழுத்திலிருந்த சிவப்பு வெள்ளை மஃப்ளரைக் கழற்றி எங்கள் இடத்தில் கம்பியின் மேல் விரித்துப் போட்டிருந்தார். கழுத்தைச் சட்டைக் காலருக்குள் இழுத்துக்கொண்டு, அந்தக் குளிரில், நின்றுகொண்டிருந்தார்.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட் பிடிப்போமே, அதேதான். துண்டு விழுந்தால் சீட் நம்முடையது, யாரும் கேட்கமாட்டார்கள். (கேட்டால் சண்டை, அது வேறு கதை.) நான் அதை அவருக்கு விளக்கிச் சொன்னேன், பஸ், ஜன்னல், துண்டு, சண்டை எல்லாம் கையைக் காலை ஆட்டி. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அந்த மஃப்ளருக்கு அவர் வாயில் பெயர் "டுண்டூ". அதுதான் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை.

வந்த நாளிலிருந்து இங்கே என்னிடம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஊர் என்பதுதான். கேட்பதில் தப்பில்லை, நானும் கேட்பேன். ஆனால் அந்தப் பெரியவர் கேட்கவே இல்லை. அவர் பையனிடம் கேட்ட முதல் கேள்வி, உனக்கு எந்த நம்பர் பிடித்திருக்கிறது. பையன் ஒன்பது என்றான். நல்ல பதில் என்று சொல்லிவிட்டு அவனுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியவர் இன்றுவரை நிறுத்தவில்லை. பந்தைப் பார்க்காதே, ஒன்பதின் தலையைப் பார், குவியலுக்குப் போவதற்கு முன்னாலேயே அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிடுவார், அந்தப் பார்வை போன பக்கம்தான் பந்து போகும். என் மகனுக்கு ஆங்கிலம் வந்ததில் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் பங்கு, மீதி அந்தக் கம்பிக்கும் உங்கள் தலைக்கும்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறு, லிமெரிக்கில் முன்ஸ்டர் அணியை அவர்கள் வீட்டிலேயே 22-16 என்று சாய்த்தீர்களே, எனக்கு அன்று டியூட்டி. ஓய்வறை டிவி முன்னால் பத்து நிமிஷம்தான் நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் பந்தை நிறுத்தியபோது, அறையில் இருந்த நாங்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். டிவிக்கு முன்னால் எதற்கு அமைதி? ஆனாலும் இருந்தோம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நான் விருந்தாளியாகப் பார்க்கிறதை எப்போதோ நிறுத்திவிட்டேன் என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கத்தோடு. பேப்பரில் உங்களுக்கும் எனக்கும் ஒரே பெயர்தான் தம்பி, வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் எடுத்த ஆள். நீங்கள் களத்தில், நான் வார்டில். இரண்டு பேருக்கும் சில வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு காகிதம் வரும். எனக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்களுக்குப் போடவில்லை. உங்கள் செய்தி வந்த அன்று என் வீட்டு மேஜையில் என் காகிதம் இருந்தது, அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். உங்களைவிட நான் இந்த ஊருக்கு என்ன பெரிதாகச் செய்துவிட்டேன் என்று இருந்தது. இங்கே விளையாட்டை முடிக்கத்தான் ஆசை என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வீடு என்றால் இந்த ஊர்தான். என் பிள்ளைக்கும் அப்படித்தான்.

2017 மே 6, சனிக்கிழமை. உங்களுக்குச் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம், எதிரில் வேறு யார், லென்ஸ்டர்தான். பெரியவருக்கு இப்போது முழங்கால் சரியில்லை, கம்பைப் பிடித்துத்தான் நடக்கிறார், அதனால் வர நேரமானது. நாங்கள் முன்னாலேயே போய்விட்டோம். அன்று நெரிசல் என்றால் அப்படி நெரிசல். என் மகனுக்கு இப்போது பதினொன்று முடிந்துவிட்டது, என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். போன உடனே தன் மஃப்ளரைக் கழற்றிக் கம்பியில் விரித்துப் போட்டு, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். கதவு அகலத்துக்கு இரண்டு பேர் வந்து, இங்கே நிற்கலாமா என்று கேட்டார்கள். "ஆள் இருக்கு" என்றான், ஆங்கிலத்தில்தான், ஆனால் டவுன் பஸ் தொனி. அவர்கள் மஃப்ளரைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், பின்னால் போய்விட்டார்கள்.

பெரியவர் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்தார். கம்பியில் கிடந்ததைப் பார்த்தார். பையன் கையை எடுத்தான். "டுண்டூ" என்றார், சிரிப்பு வரவில்லை அவருக்கு.

நீங்கள் அப்போது இன்னும் மைதானத்துக்குள் வரவே இல்லை. நான் அழ ஆரம்பித்தது அங்கேதான். ஆட்டம் முடிந்து யாரும் நகராமல் நின்றபோது எல்லாரும் அழுதார்கள், என்னுடையது அதில் கலந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கம் நீங்கள் பார்த்தீர்களா என்று பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்குத் தெரியாது, என் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை டியூட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஞாயிறையும் கிறிஸ்துமஸையும் என் தலையில் கட்டிய வார்டுத் தோழிகள், முதல் டிக்கெட் கொடுத்த அந்த நர்ஸ், ஆட்டம் முடிந்த இரவுகளில் முகம்கூடத் தெரியாமல் காரில் ஏற்றி எங்களை வீட்டு வாசலில் இறக்கியவர்கள், பையனுக்குச் சின்னதாகிப்போன சட்டைக்குப் பதில் தங்கள் பிள்ளையின் பழைய சட்டையைக் கொண்டுவந்தவர்கள், வாசலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் காவலாளி, எல்லாருக்கும். அப்புறம் ருவான், இருட்டுக் குளிரிலும் மழையிலும் இங்கே வீடு போட்டு உங்களோடு இருந்த உங்கள் மனைவிக்கும். அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சீசனில் ஒன்பதாம் எண்ணில் வேறு யாரோ வருவார். உள்ளூர்ப் பிள்ளையோ, கடல் தாண்டி வந்தவரோ. உங்களோடு ஒப்பிட்டு முணுமுணுக்க மாட்டேன் என்று சத்தியமெல்லாம் செய்ய முடியாது, முதல் இரண்டு மாசம் கண்டிப்பாக முணுமுணுப்பேன். ஆனால் அவர் பந்தை நிறுத்தினால் வாயை மூடிக்கொள்வேன். முன்னால் நிற்பவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டு கையில் ஒரு குழந்தையோடு யாராவது பின்னால் தெரிந்தால், ஒரு அடி நகர்ந்து கம்பியைத் தட்டுவேன். எந்த ஊர் என்று கேட்கமாட்டேன்.

சனிக்கிழமை பெரியவரை நாங்கள்தான் காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டோம். பின் சீட்டில் அவருடைய மஃப்ளர் கிடக்கிறது. மறந்துவிட்டார், நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றேன். மகன் அதை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அவர் மறக்கவில்லை அம்மா, அடுத்த சீசனுக்கு நம் காரில் இப்போதே இடம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்கிறான்.