‘பார்டர்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். சர்க்கரை நோயைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். வெளிநாட்டு ஆய்வில் பலருக்குச் சர்க்கரையே இல்லாமல் போய்விட்டது என்று நான்கு வரி, அதற்குக் கீழே இன்னின்ன இலையைக் காயவைத்துப் பொடி செய்து வெறும் வயிற்றில் சாப்பிடுங்கள் என்று மீதி முழுவதும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் லேபுக்கு வந்த ஒரு அம்மா அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். அன்று காலை மாத்திரை போடவில்லையாம், இனிமேலும் போடப் போவதில்லையாம். "பேப்பர்லயே போட்டிருக்குல்லா தாயி" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கோவில்பட்டியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, ரிப்போர்ட் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் ரிப்போர்ட்டை வாங்குகிறவர் முகத்தை முதலில் பார்ப்பது நான்தான், டாக்டர் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

நீங்கள் நான்கு வரியில் முடித்த அந்த ஆய்வு பிரிட்டனில் நடந்தது, 2017-ல் வெளியானது. மொத்தம் 306 பேர். சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், எடை கூடியவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரைக்கும் வழக்கமான சாப்பாடு கிடையாது, நாளைக்கு 825 முதல் 853 கலோரிக்கு மேல் போகாத சூப்பும் பானமும்தான். நம் ஊரில் ஓட்டல் சாப்பாடு ஒரு வேளைக்கே அந்தக் கணக்கைத் தொட்டுவிடும். மாத்திரையை நிறுத்தினார்கள், உண்மைதான், ஆனால் சிகிச்சைக் குழு கூடவே இருந்து கண்காணித்துத்தான் நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து அந்தப் பிரிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே அளவு கட்டுக்குள் இருந்தது, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம்தான். இரண்டாவது வருட முடிவில் அந்த 46 என்பது 36 ஆகக் குறைந்தது. பெரிய விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதில் இலைப்பொடி எங்கே இருக்கிறது? அந்த அம்மாவுக்கு பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இந்த ஆய்வில் அவரைச் சேர்த்தே இருக்க மாட்டார்கள்.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. எங்கள் கவுண்டரில் தினமும் நாலைந்து பேருக்கு ‘பார்டர்’ என்று சொல்லி ரிப்போர்ட் கொடுக்கிறோம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து (பாதிப் பேர் நைசாக எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, "அது பரவாயில்லையாக்கா" என்பார்கள்), திரும்ப ரத்தம் எடுத்தால் 140 முதல் 199-க்குள் வருகிறவர்கள் இவர்கள். 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். போன வாரம் ஒரு தம்பி, நாற்பது வயதுகூட இருக்காது, லாரி ஓட்டுகிறவர். 168 வந்தது. "சுகர் இல்லல்லா? அது போதும்க்கா" என்று ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக எதிர்க் கடையில் போய் வடை வாங்கிச் சாப்பிட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த ‘பார்டர்’ ஆட்களை வைத்துத்தான், அதுவும் நம் சென்னையில், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 2006-ல் வெளியானது. 531 பேர். நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும், ஒரு பிரிவுக்கு சாப்பாடும் நடையும், ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, கடைசிப் பிரிவுக்கு இரண்டும். மூன்று வருடத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. பாதிக்கு மேல்! இதைத்தான் நாங்கள் ‘பார்டர்தான், கவலைப்படாதீங்க’ என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்த பிரிவில் 39.3, மாத்திரைப் பிரிவில் 40.5, இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5. அதாவது சாப்பாடும் நடையும் மாத்திரை செய்த வேலையைச் செய்திருக்கின்றன, மேலே மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்படி என்ன செய்யச் சொன்னார்கள் என்று பார்த்தால் அரிய மூலிகையும் இல்லை, ஜிம்மும் இல்லை. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், ஏற்கெனவே உடல் உழைப்பு உள்ளவர்கள் அதை விடாமல் தொடர வேண்டும். சர்க்கரை, தீட்டின தானியம், எண்ணெய் குறைய வேண்டும், நார்ச்சத்து கூட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடவில்லை. மாதாமாதம் போனில் கேட்டார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நேரில் பார்த்தார்கள். எனக்கு இந்தப் போன்தான் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் 2002-ல் வெளியான இதே மாதிரி ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தவர்களுக்குச் சர்க்கரை வரும் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது, நம்மவர்களுக்கு 28.5 சதவீதம்தான் குறைந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் இங்கே எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்திருக்கிறது. ‘நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு நடை’ என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இதே குழு 2013-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். வேலைக்குப் போகிற 537 ஆண்கள், அதில் ஒரு பாதிக்கு செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் செய்தி போன பிரிவில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, போகாத பிரிவில் 27.

என் அண்ணனுக்கு 2011-ல் இதே கூடத்தில் நான்தான் ரத்தம் எடுத்தேன், 162. "பார்டர்தாண்ணே, ஒண்ணும் இல்ல" என்று சொன்னதும் நான்தான். அப்போது எனக்கு இந்தச் சென்னை ஆய்வு தெரியாது. ஆனால் அது வெளியாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. இன்றைக்கு அண்ணனுக்கு இடது காலில் இரண்டு விரல் கிடையாது. செருப்புக் கடையில் அவர் காலைப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த அன்றிலிருந்துதான் நான் ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சிறுதானியம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் அது வாரா வாரம் வருகிறது. 2025-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்விலிருந்து வந்த தகவல் இது. நம் நாட்டில் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்து குறைந்து அந்த இடத்துக்குப் பருப்போ பயறோ தயிரோ வந்தால்தான் சர்க்கரை வரும் ஆபத்து குறைகிறது. அரிசித் தோசை மூன்று சாப்பிட்டவர் கேழ்வரகுத் தோசை ஐந்து சாப்பிட்டுவிட்டு "ராகிதானேம்மா" என்பதை நான் தினமும் கேட்கிறேன்.

நான் சித்த மருத்துவத்துக்கோ யோகாவுக்கோ எதிரி இல்லை. எங்கள் வீட்டில் சளி பிடித்தால் இன்றைக்கும் தூதுவளை ரசம்தான். நம் நாட்டு மூலிகை ஆய்வில் நின்று காட்டியும் இருக்கிறது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் சர்ப்பகந்தா வேரை ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து 1949-ல் எழுதிய பிறகுதான் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. அதே நேரம் கொரோனா காலத்தில் சீந்தில் குடித்தவர்களில் கல்லீரல் பாதித்து வந்த 43 பேரைப் பற்றி 13 மருத்துவமனைகளின் டாக்டர்கள் 2022-ல் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. இரண்டு பக்கத்தையும் போடுங்கள். யோகா விஷயத்தில் மாரடைப்பு வந்த 3,959 பேரை நாடு முழுக்க 24 மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. யோகாப் பிரிவில் மறுபடி மாரடைப்போ மரணமோ தெளிவாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை, ஆனால் அவர்கள் பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள், வாழ்க்கைத் தரம் கூடியது. அதை அப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம், உங்கள் பத்திரிகை வழியாகப் போனால் யாராவது படிப்பார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இன்றைக்கு வீட்டு வாசலில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுவந்து தருகிறது. எங்கள் தெருவுக்கு வருகிற அக்காவுக்கு யார் வீட்டில் யாருக்கு என்ன என்பது மனப்பாடம். அந்த அக்கா கையில் ‘பார்டர்’ ஆட்களின் பட்டியலையும் கொடுத்து, மாதம் ஒரு போன், "அண்ணே, நடக்கீங்களா, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்கு அவர்களுக்குத் தனியாக ஊதியமும் கொடுங்கள். 2023 கணக்குப்படி நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்தப் பார்டரில் நிற்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது சின்னதுதான். நலவாழ்வுப் பக்கத்தில் எந்த ஆய்வைப் போட்டாலும் எத்தனை பேர், எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம் வருகிற ஞாயிறு ஒரு கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199, மூன்று மாத சராசரி (HbA1c) 5.7 முதல் 6.4 சதவீதம், இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள், இன்றே நடக்க ஆரம்பியுங்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று போடுங்கள். போட்டால் அதை வெட்டி, அந்த லாரித் தம்பி நின்ற இடத்துக்கு நேர் எதிரே, கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக் கூட ஊழியர்,
கோவில்பட்டி.