வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதம் ஒன்றாக 12 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், 11 நடந்தன. விட்டுப்போன ஒன்றுக்குக் காரணம் அறைச் சாவி. அது அன்று யாரிடம் இருந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு, அதை இங்கே கிளற வேண்டாம். புதிதாக 6 பேர் சேர்ந்தார்கள், 2 பேர் வேலை மாறிப் போனார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு மாற்றத்தை முடிவு செய்தோம். அதுவரை மாதம் ஒருவர் ஒரு நூலை அறிமுகம் செய்வார், மற்றவர்கள் கேட்போம். அந்த நூலை மற்றவர்கள் படித்திருக்க மாட்டார்கள், அறிமுகத்தைக் கேட்ட பிறகும் படிக்க மாட்டார்கள். பழைய மினிட்ஸ் நோட்டைப் புரட்டினால் மாதாமாதம் ஒரே வரி: ‘நூல் அறிமுகம் சிறப்பாக இருந்தது.’ எழுதியவன் நான்தான் என்பதால் அந்த வரியின் மதிப்பு எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு, வருகிற ஒவ்வொருவரும் 5 நிமிடம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்: “இப்போ என்ன படிச்சுக்கிட்டு இருக்கீங்க?” படித்து முடித்த புத்தகம் கணக்கில் வராது. நடுவில் இருக்க வேண்டும். அடையாளம் வைத்த பக்கத்தோடு புத்தகத்தைக் கையில் கொண்டுவர வேண்டும்.

“பாதி படிச்சதைப் பத்தி என்னய்யா பேசறது?” என்று அன்றைக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் எதிர்த்தது நினைவிருக்கும். ஓராண்டு கேட்டபின் என் அபிப்பிராயத்தைப் பதிவு செய்கிறேன்: முடித்த புத்தகத்தைப் பற்றி நாம் தீர்ப்புதான் சொல்கிறோம். ‘அருமையான நாவல், அவசியம் படிக்க வேண்டும்’ என்பதற்கு மேல் நகர்வதில்லை. நடுவில் இருப்பவர் அப்படிப் பேச முடியாது. “அந்தக் கடிதத்தை அவள் பிரிப்பாளா மாட்டாளான்னு தெரியலை, நேத்து ராத்திரி அதுக்குள்ள தூக்கம் வந்துடுச்சு” என்று ஒருவர் சொன்னபோது அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். எதிர்த்த அதே மூத்தவர்தான் பிறகு இதற்கு விளக்கமும் சொன்னார். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. மூன்றரை ஆண்டு, படித்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கதையின் நடுவில் இருந்தார்கள். அந்தக் காலத்து வாசகர்கள் அப்படிப் பேசித் தீர்த்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அடையாளம் வைத்துக் கொண்டுவரச் சொன்னதால் எதிர்பாராத ஒரு கண்காட்சியும் நடந்தது. மாத்திரை தீர்ந்த வெள்ளிப் பட்டை, பேத்தியின் தலைக் கிளிப், பழைய கேள்வித்தாளில் கிழித்த ஒரு துண்டு, வேறொரு புத்தகம் (மெலிந்த கவிதைத் தொகுப்பு ஒன்று தடித்த வரலாற்று நூலுக்கு அடையாளமாக மாதக்கணக்கில் கிடந்தது, கவிஞர் யார் என்று சொல்லப் போவதில்லை). பக்க நுனியை மடக்கும் பழக்கமுள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இரவல் கொடுப்பதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஓர் உறுப்பினரின் வெள்ளிப் பட்டை நான்கு கூட்டங்களாக 46ஆம் பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக எதையோ சொல்லிச் சமாளித்தார். ஐந்தாவது கூட்டத்தில், “என்னால் முடியலை, விட்டுடறேன்” என்றார். அதற்குப் பிறகுதான் கடைசிப் பத்து நிமிடத்தைக் கைவிட்ட புத்தகங்களுக்கு ஒதுக்கினோம். இவ்வளவு கலகலப்பான பத்து நிமிடம் நம் வட்டத்தின் வரலாற்றில் இல்லை. ஒரே மொழிபெயர்ப்பு நாவலை மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் விட்டிருந்தார்கள். மூவரும் விட்ட இடமும் ஏறக்குறைய ஒன்றே: தாத்தா, பேரன், பெரியப்பா எல்லாருக்கும் ஒரே பெயர் வரும் அத்தியாயம்.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’. ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் தினம் ஓர் அத்தியாயத்துக்கு மேல் படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டு படித்தார். 122 அத்தியாயங்கள், நடுவில் கண் சிகிச்சை வேறு, 8 மாதம் ஆயிற்று. ஐயருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரும் பகுதிகளைப் படித்த மாதங்களில், நேற்றுத்தான் அங்கே போய்வந்தவர் போல எங்களுக்குச் செய்தி சொல்வார். பிள்ளையின் உடல்நிலை மோசமானபோது அவர் குரலே இறங்கிவிட்டது.

1880 கட்டத்துக்கு வந்தபோது 5 நிமிட விதியை அவருக்காகத் தளர்த்தினோம். கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது சிவில் நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் பார்க்கப் போகிறார். யாரிடம் படித்தீர்கள், என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற தோரணையில் பேசிவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். அதில் தொடங்கிய தேடல்தான் 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. நாம் மாதாமாதம் கேட்டுக்கொள்கிற கேள்விதானே இது, ஒருவர் சரியான நேரத்தில் கேட்டதில் எங்கே போய் முடிந்திருக்கிறது என்று அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. அடுத்த கூட்டத்தில் பலர் தாங்கள் படிப்பதைச் சொல்லவே கூசினார்கள். ஒருவர் துப்பறியும் நாவலுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு வந்தார். காமிக்ஸ் படிக்கிற கல்லூரி மாணவி வரவே இல்லை. எனவே செயற்குழுவின் முடிவைத் திரும்பவும் சொல்கிறேன்: ‘என்ன பிரயோசனம்?’ என்று முதலியார் கேட்கலாம், நாம் கேட்பதில்லை. அந்த மாணவி இப்போது ஒழுங்காக வருகிறார், அட்டை இல்லாமல்.

‘என் சரித்திரம்’ முடிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். வார இதழில் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே, 1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். வாழ்க்கையின் பிற்பகுதி எழுதப்படவே இல்லை. நம் உறுப்பினருக்கு இது முன்பே தெரியாது. “அடுத்த பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கோன்னு நகத்தால பிரிச்சுப் பார்த்தேன்” என்றார். முடித்த புத்தகம் கணக்கில் வராது என்ற விதிப்படி அதற்கடுத்த மாதம் அவர் வேறு புத்தகம் கொண்டுவந்திருக்க வேண்டும். அதையே கொண்டுவந்தார். இது முடியாத புத்தகம், விதியில் இடம் இருக்கிறது என்று வாதாடினார். ஏற்றுக்கொண்டோம்.

ஒலிப்புத்தகம் கேட்பது படிப்பதில் சேருமா என்று ஒரு கூட்டம் முழுக்கப் போனது. வண்டி ஓட்டும் தொழிலில் இருக்கும் உறுப்பினர் காதில்தான் படிக்கிறார். ‘கற்றிலன் ஆயினும் கேட்க’ என்று வள்ளுவரே சொல்லிவிட்டார், கேள்விக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார் என்று அவருக்கு ஒருவர் துணைக்கு வந்தார். “வெச்சிருக்கார், கல்லாமைக்கு அடுத்ததா!” என்றது எதிர்த்தரப்பு. வாக்கெடுப்பில் ஒலிப்புத்தகம் வென்றது. கைப்பேசியில் படிப்பவர்களும் கூடிவிட்டார்கள். பழைய நூல்களுக்கு, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலவச மின்னூல்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். மின்னூலில் பக்க எண் சொல்ல முடியாமல், “62 சதவீதத்துல இருக்கேன்” என்று ஒருவர் சொன்னதும், “பேட்டரியா?” என்று குரல் வந்தது.

ஒரு வருத்தமான சம்பவம். ஒரு கொலைக் கதையில் கடைசி 20 பக்கம் பாக்கி வைத்திருந்த உறுப்பினரிடம், பேச்சுவாக்கில், கொலைகாரர் யார் என்பது சொல்லப்பட்டுவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ‘சொல்லப்பட்டுவிட்டது’ என்று எழுதிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. சொன்னது நான். அவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஒருவர் வைத்திருக்கும் அடையாளத்தைத் தாண்டி மற்றவர்கள் பேசக் கூடாது என்ற விதி அன்றுதான் வந்தது.

கடைசியாக இரவல் நோட்டு. 14 புத்தகங்கள் திரும்பவில்லை. அவற்றில் மூன்றைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. ‘நீல அட்டை, கனமானது’ என்பது போலத்தான் எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டில் நீல அட்டையில் கனமாக ஏதாவது இருந்தால் தயவுசெய்து முதல் பக்கத்தைப் பாருங்கள். நோட்டின் தொடக்கத்தில், இரண்டு ஆண்டுக்கு மேலாகத் திரும்பாத ஒரு நூல் என் பெயரிலும் இருக்கிறது. படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், 212ஆம் பக்கம்.

அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்