பள்ளி மேலாண்மைக் குழு மறுகட்டமைப்பு: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் இரண்டாண்டுப் பதவிக்காலம் நிறைவடைவதால், மறுகட்டமைப்புக் கூட்டம் விரைவில் நடைபெறவுள்ளது. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடவும் நன்கொடை திரட்டவும் கூடுகிற குழு என்றே பலர் இதை எண்ணி வருவதால், இதன் பணி என்னவென்று முன்கூட்டியே எழுதுகிறேன்.

பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசும் உள்ளாட்சியும் பிறரும் தரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் கடமைகள் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவில் கூறுகிறது. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியே. தமிழ்நாட்டில் 2024 முதல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. குழுவின் தலைவர் பெற்றோர்களில் ஒருவர்தாம், தலைமையாசிரியர் அல்லர். எவருக்கும் ஊதியம் கிடையாது.

கண்காணிப்பு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி, நம் பள்ளியைப் போல 100க்கு மேல் 250 வரை மாணவர்கள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிகளுக்குரியது. அந்தத் தொகையில் வாங்கிய துடைப்பமும் பினாயிலும் ரசீதில் மட்டும் இருக்கின்றனவா, கழிப்பறையிலும் இருக்கின்றனவா, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று நேரில் பார்த்துவிட்டு, அதன் பிறகே தீர்மானப் பதிவேட்டில் கையொப்பமிடுங்கள். படிக்காமல் இடும் கையொப்பத்தால் பள்ளிக்கும் நன்மையில்லை, எனக்கும் நன்மையில்லை. கணக்கில் ஐயம் எழுந்தால் என்னிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பதில் சொல்வது என் கடமை.

பல நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று காரணம் அறிவதில், என்னைவிட அதே தெருவில் வாழும் தாய்க்கே வழி எளிது. இடைநிற்றலைத் தடுப்பதில் இக்குழுவின் ஆற்றல் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

எனினும், உறுப்பினர் எவருக்கும் தனிப்பட்ட அதிகாரம் இல்லை. வகுப்பு நடக்கும்போது ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதோ, தம் பிள்ளைக்காக மட்டும் பேசுவதோ முறையாகாது. எதுவாயினும் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதப்பட வேண்டும்.

அதிகம் படித்தவர்கள்தாம் வரவேண்டும் என்பதில்லை. நூறு நாள் வேலைக்குச் செல்வோரும் பங்கேற்க ஏதுவாக, கூட்ட நேரத்தை உங்களைக் கலந்தே முடிவு செய்வோம். உறுப்பினராக விரும்புவோர், இவ்வாரத்திற்குள் வகுப்பாசிரியரிடம் பெயரைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்